இரகசியம் உள்ளவனெல்லாம் குற்றவாளி இல்லை

வன்னியில் ஒரு பிரதேச சபை நூலகத்துக்குள் போய் எந்தப் புத்தகம் அதிகம் கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கவிதைத் தொகுப்புகள் வாங்கிய மேனிக்குப் பளபளப்பாக இருக்கும். ராஜேஷ்குமாரும் சுஜாதாவும் அட்டை போய், தையல் பிரிந்து, ஒட்டுநாடா ஒட்டிக் கிடப்பார்கள். சிலதில் கடைசிப் பக்கங்களே இல்லை. இன்னும் சிலதில் முதல் பக்கத்திலேயே 'மனேஜர்தான் கொலைகாரன்' என்று யாரோ பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஆள் என்றாவது கையில் அகப்பட்டால் தண்டப்பணம் வாங்காமல் விடமாட்டேன்.

இப்போது அதே தட்டில் வேறு சில புத்தகங்களும் சேரத் தொடங்கியிருக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது, சொக்லேட்டுக்கும் உடுப்புக்கும் நடுவே தங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த ஆங்கிலக் கதைப்புத்தகங்களையும் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் வாசிக்க ஆளில்லை என்றால் அவை நூலகத்துக்கு வந்துசேரும். பதின்ம வயதினருக்கான மர்ம நாவல்கள் அவற்றில் நிறைய. ஒரு பள்ளிக்கூடம், ஒரு மரணம், சந்தேகத்தில் நாலைந்து பேர், எல்லோருக்கும் பதினாறு பதினேழு வயது. அந்த நாலைந்து பேரில் ஒருவன் இன்னொரு பையனைக் காதலிப்பான். அல்லது ஒருத்தி இன்னொரு பெண்ணை. சிலதில் கதாநாயகனே திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன்.

பின்னட்டையைப் படித்துவிட்டுப் பக்கத்து ஊர் நூலகங்களில் இருந்து கேட்பார்கள்: "இதைத் தட்டில வைக்கலாமோ? பிரச்சினை வராதோ?" வைக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். அந்தக் கதை யாரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பது ஒன்று. அந்தப் புத்தகத்தை எடுத்துப்போகும் பிள்ளையை எங்கள் நூலகம் என்ன செய்கிறது என்பது மற்றது.

முதலாவதைப் பார்ப்போம். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு நெடுங்காலம் இரண்டே வேலைகள்தான் கிடைத்தன: பிணமாகக் கிடப்பது, இல்லையென்றால் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனாகப் பிடிபடுவது. 1970இல் ஜோசப் ஹான்சன் 'ஃபேட் அவுட்' நாவலில் டேவ் பிரான்ட்ஸ்டெட்டர் என்ற காப்புறுதி விசாரணையாளரைக் கொண்டுவந்தார். அவர் ஆண்களை நேசிப்பவர், அதை ஒரு நோயாகவோ வெட்கமாகவோ நினைக்காதவர், துப்பறிபவரும் அவரேதான். அது பெரியவர்களுக்கான புத்தகம். தமிழ்ப் பொக்கற் நாவல்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. சேலை கட்டிவந்த ஆள் உண்மையில் ஆண், அவன்தான் கொலையாளி என்று கடைசியில் முடிச்சை அவிழ்ப்பது. வாசிப்பவனுக்கு அது வெறும் திருப்பம். அதையே வாசிக்கும் பதினைந்து வயதுத் திருநங்கைப் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றி ஊர் எழுதிவைத்த தீர்ப்பு மாதிரி இருக்கும்.

புதிய இளையோர் நாவல்கள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. கரன் மக்மானஸ் 2017இல் எழுதிய 'வன் ஒஃப் அஸ் இஸ் லையிங்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிந்தபின் தண்டனையாக ஒரு வகுப்பறையில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேர். அதில் ஒருவன் மற்ற மாணவர்களின் அந்தரங்கங்களைத் தன் போன் அப்பில் போட்டுவந்தவன். அவன் அங்கேயே சரிந்து சாகிறான். மிச்சம் நாலு பேருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. பேஸ்போல் வீரன் கூப்பர் மறைப்பது தன் காதலனை. மறைக்க ஒன்று இருந்தால் கொல்லவும் காரணம் இருக்கும் என்று பொலிஸ் கணக்குப் போடுகிறது. அவன் தானாகச் சொல்ல நினைத்தபோது சொல்லவேண்டிய விசயம் விசாரணைக்குள் இருந்து கசிந்து ஊருக்குப் போகிறது. முடிவைச் சொல்லமாட்டேன், அது பென்சில்காரர் பார்க்கும் வேலை.

மர்மக் கதையில் எல்லோரும் எதையோ மறைப்பார்கள். மறைத்தவற்றில் எது குற்றத்தோடு தொடர்பானது, எது அந்த ஆளின் சொந்தப்பாடு என்று பிரித்தெடுப்பதுதான் துப்பறிபவரின் வேலை. நல்ல கதை வாசிப்பவனையும் அந்தப் பிரிப்பைச் செய்ய வைக்கும். கூப்பரில் சந்தேகப்பட்ட வாசகன் 'ஏன் அவனில் சந்தேகப்பட்டேன்' என்று தன்னையே கேட்கவேண்டி வரும். வகுப்பறையில் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லி இதை வரவழைக்க முடியாது.

2021இல் வந்த 'ஏஸ் ஒஃப் ஸ்பேட்ஸ்' நாவல் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டவானது என்பேன். வசதியான தனியார் பள்ளி ஒன்றில் படிக்கும் டெவன் என்ற கறுப்பின மாணவன், இன்னொரு மாணவி. பெயர் தெரியாத ஒரு ஆள் அவர்களுடைய அந்தரங்கங்களைப் பள்ளி முழுவதுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்குகிறான். டெவன் ஒரு பையனோடு இருந்ததும் அப்படித்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது. அம்பலப்படுத்துவதுதான் அந்தக் கதையில் ஆயுதம்.

இங்கே நடப்பதும் பெரும்பாலும் இதேதான். கொலையும் இல்லை, கைரேகையும் இல்லை. போலிக் கணக்கில் ஒருவன் அன்பாகக் கதைப்பான். கொஞ்ச நாளில் படம் கேட்பான். படம் போனதும் குரல் மாறும்: "கொப்பாவுக்கு அனுப்பட்டோ? கோயில் குறூப்பில போடட்டோ?" முதலில் போனுக்கு ரீலோட் கேட்பான், பிறகு காசு. அந்தப் பிள்ளைக்கு வெளியே சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் மிரட்டியவனைக் காட்டிக்கொடுக்கப் போனால் தன்னையும் காட்டிக்கொடுக்க வேண்டும். பரந்தனில் ஒருவர் காதில் சொன்னது விசுவமடுவுக்குப் போய்ச்சேர ஒரு பஸ் போய்வரும் நேரம் போதும்.

மிரட்டுபவனுக்குப் பக்கபலமாக ஒரு சட்டமும் இருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. அதன் 365, 365அ பிரிவுகள் இன்னும் தன்பால் உறவுக்கு எதிராக நிற்கின்றன. 1995இல் செய்த திருத்தம் 365அ பிரிவைத் தளர்த்தவில்லை. அதுவரை ஆண்களை மட்டும் பிடித்திருந்த பிரிவுக்குள் பெண்களையும் சேர்த்துவிட்டது. 2023இல் இவற்றை மாற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் சொன்னது. 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டம் மாறாமல் அப்படியே கிடந்தது. ஆனால் அச்சுறுத்திப் பணம் பறிப்பதும் அதே சட்டக்கோவையில் குற்றம்தான். பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும். மிரட்டுபவன் சொல்லித் தருவதும் அந்த முதல் பாதியைத்தான்.

அதனால் இந்த நாவல்கள் வைத்திருக்கும் தட்டில் சின்னத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன். காசு கொடுக்காதே, கொடுத்தால் திரும்பக் கேட்பான். செய்தியை அழிக்காதே, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. நம்பிக்கையான பெரியவர் ஒருவருக்காவது சொல்லு. பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929, மனம் தாங்காமல் இருந்தால் மனநல உதவி இலக்கம் 1926. பொலிசுக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். துண்டில் தன்பாலீர்ப்பு என்றோ திருநர் என்றோ எழுதவில்லை. காதலன் மிரட்டும் பெண்பிள்ளைக்கும் அதே இலக்கங்கள்தான், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை யாரும் எதுவும் ஊகிக்கவும் முடியாது.

மர்ம நாவலை வன்னியில் கொடுக்கும்போது இன்னொரு விசயத்தையும் மறக்கக்கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தை இந்தப் பிள்ளைகள் ஸ்கூல் வானில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள். பலருடைய வீட்டுச் சுவரில் மாலை போடாத படம் ஒன்று இருக்கும். மாலை போட்டால் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வாசிப்பு வட்டத்தில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "முன்னூறு பக்கத்தில கண்டுபிடிச்சுப் போடுறாங்கள், மிஸ். அம்மம்மா இன்னும் மாமாவைத் தேடுறா." அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. அதன் பிறகு 'ஆள் காணாமல் போகும் கதை, பரவாயில்லையோ?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது. 'சிமெட்டரி போய்ஸ்' என்று 2020இல் வந்த நாவலில் யாட்ரியல் என்ற திருநம்பிப் பிள்ளை, கொலையுண்ட உறவுப் பையனின் ஆவியைத் தேடப்போய் வேறொரு பையனின் ஆவியை எழுப்பிவிடுகிறான். அவனை ஆணாக ஏற்கத் தயங்கும் குடும்பம், செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் ஊர். எங்கள் பிள்ளைகளுக்கு அது சட்டென்று ஒட்டும். ஆனால் பிணம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதை எந்த நேரத்தில் கொடுப்பது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

இனி இரண்டாவது விசயம், எங்கள் பக்கத்துத் தவறு. பல சின்ன நூலகங்களில் இரவல் பதிவு ஏடு மேசையில் விரித்தபடி கிடக்கும். பெயர், புத்தகத்தின் தலைப்பு, திகதி, கையொப்பம். கையொப்பம் வைக்க வரும் அடுத்த ஆள் மேலே உள்ள பத்து வரியையும் சாவகாசமாக வாசிப்பார். அதிலும் ரியூசன் முடிந்து கூட்டமாக வரும் பொடியள் கட்டாயம் வாசிப்பார்கள். நாவலில் பெயர் தெரியாத வில்லன் செய்யும் வேலையை இங்கே எங்கள் ஏடு செய்கிறது.

இதைத் திருத்தக் காசு தேவையில்லை. தலைப்பை எழுதாமல் புத்தகத்தின் இலக்கத்தை மட்டும் எழுதலாம். மேல்வரிகளை ஒரு மட்டையால் மூடலாம். இளையோர் பகுதியில் எல்லாப் புத்தகங்களுக்கும், ஒன்று விடாமல், ஒரே பிறவுண் தாளில் உறை போடலாம். இந்த நாவல்களுக்கு மட்டும் உறை போட்டால் அதுவே அடையாளமாகிவிடும். தனித் தட்டும் வேண்டாம். வேற்றுநாட்டு நூலகங்களில் இவற்றுக்கு வானவில் அடையாளம் ஒட்டுவது உண்டு. அது அங்கே சரி. இங்கே அந்தத் தட்டடியில் நிற்பதற்கே ஒரு பிள்ளைக்குத் துணிவு வேண்டும், கதைப்புத்தகம் எடுக்க வருகிறவனிடம் அவ்வளவு துணிவைக் கேட்பது ஞாயமில்லை. பிந்திய புத்தகத்தைக் கேட்டு வீட்டுக்குப் போன் எடுத்தால் 'ஒரு புத்தகம் பிந்திவிட்டது' என்பதோடு நிறுத்துங்கள். தலைப்பு எதற்கு?

யார் எடுத்தார்கள் என்பதிலிருந்து எதையும் ஊகிக்கவும் கூடாது. பாதிப் பேர் கொலைகாரன் யார் என்று அறிய மட்டுமே வாசிக்கிறார்கள், கூப்பரின் காதல் அவர்களுக்கு வழியில் வரும் ஒரு சங்கதி. "உனக்கும் இப்பிடியோ?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை திரும்ப வரமாட்டான். "கூப்பர் செய்தது சரியோ?" என்று கேட்கலாம். சிலர் "என்ர சிநேகிதன் ஒருத்தனுக்கும் இப்படி" என்று தொடங்குவார்கள். சரி, சிநேகிதனைப் பற்றியே கதைப்போம். அந்தச் சிநேகிதன் யார் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை இல்லை. நாங்கள் உளவளத்துணையாளர்களும் இல்லை, கேட்டுவிட்டு இலக்கத்தைக் கொடுப்பதோடு எங்கள் பங்கு முடிந்தது.

பெற்றோர் வந்து சத்தம் போடுவது நடக்கும். "என்ர பிள்ளையைப் பழுதாக்கிறியளோ?" என்று கேட்ட தகப்பனிடம் சட்டப் பிரிவு பேசி வெல்ல முடியாது, அந்தப் பிரிவுகளில் வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மையாக இருந்தாலும். புத்தகத்தைக் கொடுத்து "நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ அண்ணை, பிழை இருந்தால் எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ" என்பது பலன் தரும். மர்மக் கதை என்பதால் பாதியில் வைக்க மனம் வராது. தமிழில் இப்படி ஒன்று இருந்தால் இன்னும் லேசாக இருக்கும். பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் மர்மத் தொடர்கள் கொட்டிக் கிடக்கின்றன. மாங்குளம் சந்தியில், இரணைமடுக் குளக்கட்டில் ஒரு கொலை, துப்பறிபவள் தன் தோழியைக் காதலிப்பவள் என்று யாராவது எழுதினால் அதற்குத் தையல் பிரிய அதிக நாள் எடுக்காது.

அதுவரை பெட்டிகளை நம்பித்தான் இருக்கிறோம். அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மொரீன் ஜோன்சனின் 'ட்ரூலி டீவியஸ்' போன்ற தொடர்களை அனுப்பினால் முதல் மூன்று பாகத்தையாவது சேர்த்து அனுப்புங்கள். ஜனெல் என்ற பிள்ளைக்கும் 'வை' என்ற, ஆணென்றும் பெண்ணென்றும் தன்னைச் சொல்லாத பிள்ளைக்கும் இடையிலான காதல் அதில் எந்தக் கலவரமும் இல்லாமல் சாதாரணமாக நடக்கும், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் பாகம் முடிச்சை அவிழ்க்காமல் முடிகிறது. அதை மட்டும் தட்டில் வைத்துவிட்டு, கொலைகாரன் யார் என்று தினமும் வந்து கேட்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி என்னால் ஏலாது.