வெளியே பளபளக்கும் அம்பாசடர், உள்ளே அடைத்துக்கொண்ட பிரேக் ஹோஸ்

சில மாதங்களுக்கு முன் ஒரு மார்க் 3 அம்பாசடர் பட்டறைக்கு வந்தது. பெயின்ட், குரோம், சீட் எல்லாம் புதுசு. வலது முன்சக்கரம் மட்டும் பத்து கிலோமீட்டர் ஓடினாலே கை வைக்க முடியாதபடி சூடாகிறதாம். வேறிடத்தில் டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூ, அதைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றியும் தீரவில்லை.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்து, காலை எடுத்தோம். சக்கரம் இறுகியே நின்றது. சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்பு டியூபைத் தளர்த்தியும் விடவில்லை. கீழே பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது. ஹோஸை அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஊசி நுழையும் துவாரம்தான் மிச்சம். மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும். அதைத் திருப்பித் தள்ள ஷூ ஸ்பிரிங்குக்கு அந்த பலம் கிடையாது.

பிறகு பின் ஆக்சிலைப் பார்த்தேன். டியூபைக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் சேறும் ஈரமும் தங்கும். நகத்தால் சுரண்டியதும் துரு செதிலாக வந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் உள்பக்கமும் அரிக்கும். இந்த வண்டிக்கு ஒரே பிரேக் சர்க்யூட். ஓர் இடத்தில் டியூப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய், ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிஞ்சும்.

"அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டிக் கொடுங்களேன்" என்றார் உரிமையாளர். மறுத்துவிட்டேன். அதே வயதுள்ள மற்ற டியூப்களை நம்பி, குடும்பத்தோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. முழு டியூபையும், மூன்று ஹோஸையும் மாற்றினோம். ஏசிக்குப் போடும் செம்புக் குழாயை பிரேக்குக்குப் போடாதீர்கள். அதிர்வில் இறுகி விரிசல் விடும். 10 சதவீதம் நிக்கல் கலந்த செம்பு டியூப் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. முனையை டபுள் பிளேர் செய்யுங்கள், அதாவது விரித்து இரட்டையாக மடியுங்கள். மரையில் டேப் சுற்ற வேண்டாம், கசிவைத் தடுப்பது பிளேர் முகம்தான்.

பெட்ரோல் பக்கம் இப்போது கவலை இன்னும் கூடுதல். பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காமல் இளகும், வெடிக்கும். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸ் கொதிக்கும் இன்ஜின் மேலேயே கிடக்கிறது. காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தாலோ, கார்புரேட்டர் கிண்ணத்தில் கறுப்புத் துகள் தெரிந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எத்தனால் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் டியூப் வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பிரேக் லைனில் சிக்கிய ஏர் எடுத்தோம். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தார். அன்றிரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்தோம். காலையில் அட்டை காய்ந்திருந்தது, சாவியைக் கொடுத்தேன்.