டாக்கர் ஸ்டாப்: அந்த 10 விநாடிகளில் என்ன நடக்கிறது?

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்த பெட்டிகளுக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள் டாக்கர். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை நிறுத்த ‘டாக்கர் ஸ்டாப்’ என்று தட்டினால், சில உடனே நின்றுவிடுகின்றன. சில 10 விநாடி கழித்தே நிற்கின்றன. உள்ளே இருக்கும் நிரல் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொள்ள எடுக்கும் நேரம் இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுதாக 10 விநாடி ஆகிறதென்றால், நிறுத்தச் சொன்ன செய்தி அந்த நிரலுக்குப் போய்ச் சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கட்டளை, கன்டெய்னருக்குள் ப்ராசஸ் எண் 1 ஆக, அதாவது முதலாவதாகத் தொடங்கி, ஓடும் நிரலுக்கு முதலில் சிக்டெர்ம் என்ற 15ஆம் எண் சிக்னலை, அதாவது முடித்துக்கொள்ளச் சொல்லும் செய்தியை, அனுப்புகிறது. அதைப் பெறும் நிரல், கையிலுள்ள கோரிக்கைகளுக்குப் பதில் அளித்து, கோப்புகளை மூடிவிட்டுத் தானே வெளியேறலாம். 10 விநாடிக் கெடு முடிந்தும் வெளியேறாவிட்டால், 9ஆம் எண் சிக்னலான சிக்கில் வந்து அதைக் கொன்றுவிடுகிறது. அதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. ‘டாக்கர் கில்’ கட்டளையோ, வேறு சிக்னலைக் குறிப்பிடாதவரை, நேராகச் சிக்கிலையே அனுப்பிவிடும்.

சிக்கல் அந்த எண் 1இல்தான் இருக்கிறது. சாதாரண நிரல் ஒன்று சிக்டெர்மைக் கையாள எதுவும் எழுதி வைக்காவிட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் அந்த நிரலை முடித்துவைக்கும். எண் 1 ஆக ஓடும் நிரலுக்கோ, அதே நிலையில், அந்தச் சிக்னலைக் கர்னல் கைவிட்டுவிடும். ஒரு தொடக்க ஸ்கிரிப்டின் கடைசி வரி ‘பைத்தான் ஆப்.பை’ என்று இருப்பதாகக் கொள்வோம். அப்போது எண் 1 ஆக, ஸ்கிரிப்டை வரிவரியாக இயக்கும் ஷெல் அமர்ந்திருக்கும்; பைத்தான் நிரல், அது தொடங்கிவைத்த பிள்ளையாக ஓடும். சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுபோகும். கெடு முடிந்து ஷெல் சிக்கிலால் விழும்போது, எதையும் அறியாத பைத்தானையும் கர்னல் அதே கணத்தில் கொன்றுவிடுகிறது; பாதியில் எழுதிய கோப்பு பாதியிலேயே கிடக்கும். ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ பட்டியலில் தெரியும் 137 என்ற வெளியேறு எண், 128உடன் சிக்கிலின் எண்ணான 9ஐக் கூட்டியது.

அந்தக் கடைசி வரியின் முன்னால் ‘எக்ஸெக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் ஷெல்லின் இடத்தைப் பைத்தானே எடுத்துக்கொள்ளும். சிக்டெர்மைக் கையாளும் வரிகளும் அதில் இருக்க வேண்டும். அந்த நிரலைத் திருத்த வழியில்லாதபோது, கன்டெய்னரைத் தொடங்கும்போது தரும் ‘--இனிட்’ என்ற தேர்வு டினி என்னும் சிறு நிரலை எண் 1இல் அமர்த்தி, வரும் சிக்னலைப் பிள்ளைக்குக் கடத்துகிறது.

எல்லா நிரலுக்கும் சிக்டெர்மே பொருத்தம் என்றும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அதைப் பெற்றால், இணைந்திருக்கும் அனைவரும் தாமாகத் துண்டித்துக்கொள்ளும்வரை காத்திருக்கும். அதனால் அதன் அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), ‘ஸ்டாப்சிக்னல்’ வரியில் சிக்இன்ட் என்ற வேறொரு சிக்னலைக் குறிப்பிடுகிறது. அதைப் பெற்றதும் போஸ்ட்கிரெஸ் இணைப்புகளைத் தானே துண்டித்து முறையாக மூடிக்கொள்கிறது. பெரிய தரவுத்தளத்துக்கு அப்போதும் 10 விநாடி போதாமல் போகலாம். ‘-டி’ தேர்வைக் கொண்டு கெடுவை 60 விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டிக்கொள்ளலாம்.