தோலால் குடிக்கும் உயிர்: தொட்டித் தவளை ஏன் சாகிறது?

வண்ண மீன் கடைகளில் கப்பிக்கும் மோலிக்கும் பக்கத்துத் தொட்டியில் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக நீந்தும் தவளையைப் பார்த்து வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மீன் வளர்த்தவர்கள். அதனால் மீனுக்கு என்ன செய்தார்களோ அதையேதான் தவளைக்கும் செய்கிறார்கள், சில வாரங்களில் அது உடம்பு வீங்கியோ தோல் நைந்தோ செத்துப்போகிறது, கடையில் போய்க் கேட்டால் "தவளை ரொம்ப நாள் தாங்காது சார்" என்று பதில் வருகிறது. இது தவறு. ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை நல்ல தண்ணீரில் ஐந்து வருஷத்துக்கு மேல் வாழும். அதன் பெரிய உறவான நகத் தவளை 15 வருஷம் தாண்டுவது சாதாரணம்.

முதலில் நீங்கள் வாங்கியது இந்த இரண்டில் எது என்று பாருங்கள், ஏனென்றால் குட்டியாக இருக்கும்போது இரண்டையும் ஒரே பெயரில் விற்றுவிடுகிறார்கள். முன்கால் விரல்களுக்கு நடுவிலும் சவ்வு இருந்தால் அது குட்டைத் தவளை, 3 அல்லது 4 செ.மீ.யோடு நின்றுவிடும். முன்கால் விரல்கள் சவ்வே இல்லாமல் தனித்தனியாக இருந்து, கண் தலையின் மேல்பக்கம் இருந்தால் அது நகத் தவளை. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண் என்று விற்பது அநேகமாக இதுதான். பெண் தவளை 10 செ.மீ.க்கு மேல் வளரும், வாய்க்குள் அடங்குகிற எந்த மீனையும் விழுங்கும். குட்டைத் தவளையையும் விழுங்கிவிடும்.

சரி, தவளைக்கும் மீனுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? தோல். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை, தனக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் தோல் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் ரத்தத்தில் இருக்கும் உப்பு, சுற்றியிருக்கும் நன்னீரில் இருப்பதைவிட அதிகம் என்பதால் தண்ணீர் ராப்பகலாக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை இடைவிடாமல் வெளியே தள்ளும், கூடவே கொஞ்சம் உப்பும் போய்விடும், போன உப்பைத் தோலே திரும்பத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்ளும். கரியமில வாயுவின் பெரும்பகுதி வெளியேறுவதும் தோல் வழியாகத்தான். சுருக்கமாகச் சொன்னால் தொட்டித் தண்ணீரில் எது கரைந்திருக்கிறதோ அது தவளையின் ரத்தத்துக்கு ஒரு மெல்லிய தோல் தூரத்தில் இருக்கிறது. மீனின் செதிளும் வழுவழுப்பும் தருகிற பாதுகாப்பு இதற்குக் கிடையாது.

இந்தத் தோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையே சாட்சி. அந்தப் பூஞ்சை நுரையீரலையோ இதயத்தையோ நேரடியாகத் தொடுவதில்லை, தோலில் மட்டும்தான் வளர்கிறது. ஆனால் 2009ல் ஆஸ்திரேலிய மரத் தவளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பூஞ்சை பிடித்த தோலால் உப்பை இழுத்துக்கொள்ள முடியாமல் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து கடைசியில் இதயம் நின்றுபோவது தெரியவந்தது. (தோல் உரிவதெல்லாம் நோய் இல்லை. ஆரோக்கியமான தவளையும் அவ்வப்போது சட்டையை முழுசாக உரித்துத் தானே தின்றுவிடும். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தாலோ, கந்தலாகத் தொங்கிக்கொண்டே இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.)

இதை மனதில் வைத்துக்கொண்டு அம்மோனியாவுக்கு வருவோம், புதுத் தொட்டித் தவளைகளைக் கொல்வதில் முதல் இடம் இதற்குத்தான். தவளையின் கழிவு, தின்னாமல் விட்ட புழு எல்லாம் அழுகி அம்மோனியாவாகிறது. ஃபில்டரின் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதைப் பெரிதாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றைக்கே தவளையையும் வாங்கிப் போட்டால், கழிவு சேருகிறது, அதைத் தின்ன ஆள் இல்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தொட்டியை முதலில் வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு தவளையை வாங்குங்கள். பொறுமை இல்லாதவர்கள் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கான ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து வைக்கலாம், அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

நம் ஊருக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அதிகம் பாதிக்காத அம்மோனியம், மற்றொன்று தோலுக்குள் சுலபமாக நுழையும் நச்சு வடிவம். எது எவ்வளவு என்பதை பி.ஹெச். அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) சூடும் முடிவு செய்கின்றன. 25 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் நச்சு, அதே சூட்டில் பி.ஹெச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும், 30 டிகிரிக்குப் போனால் ஏழரை சதவீதம். கடினமான போர் தண்ணீரும் மே மாதச் சூடும் ஒன்றாகச் சேரும் கடலூர், புதுச்சேரி வீடுகளில், குளிர்ந்த ஊர்க்காரர் எழுதிய "இந்த அளவு அம்மோனியா பரவாயில்லை" என்ற யோசனையை நம்பினால் தவளை பிழைக்காது. பூஜ்யம் மட்டும்தான் சரி.

போர் தண்ணீரே வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று நினைப்பதும் ஆபத்து. கேனில் வருவது பெரும்பாலும் உப்பை வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர், அதில் கார்பனேட் உப்புகள் மிகக் குறைவு. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது, அதைத் தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் இல்லாவிட்டால் பி.ஹெச். சரசரவென்று இறங்கும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரித்தால் அதையும் கேன் தண்ணீரையும் கலந்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவால் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் காற்று மோட்டார் ஓடவிட்டால் போய்விடும், அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கிச் சொட்டு போதும். மழை வெள்ளம் வந்த நாட்களில் குளோரின் கூடுதலாகப் போடுவார்கள், அப்போது சொட்டு கட்டாயம்.

மீன்காரர்களின் பழக்கமான கல்லுப்புக்கு வருகிறேன். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு கைப்பிடி உப்பு, நீல மருந்து, பச்சை மருந்து என்று ஊற்றிவிடுவார்கள். தவளை இருக்கும் தொட்டியில் இதை அப்படியே செய்யவே கூடாது. ஏற்கெனவே உப்புச் சுவை உள்ள தண்ணீரில் திடீரென்று கைப்பிடி உப்பு விழுந்தால், மேலே சொன்ன உப்புக் கணக்கு முழுக்கக் குழம்பிவிடும். செம்பு கலந்த மீன் மருந்துகள் தோல் வழியாக நேரே உள்ளே போகும். சோப்பு, சபீனா போட்டுத் தொட்டி கழுவுவதும் அப்படியே. இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை: ராத்திரி கொசுவத்தியோ கொசு மருந்துத் திரவமோ எரியும் அறையில் காற்று மோட்டார் அந்த அறைக் காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வைப்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அத்தனை வாரம் வளர்ந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இத்தனை தண்ணீருக்குள் இருந்தாலும் இந்தத் தவளை மூச்சு விடுவது நுரையீரலால். மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, திறந்து வைத்தால் குதித்து வெளியே விழுந்து அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். நாலு விரல் இடைவெளி விட்டு, வலை மூடி போடுங்கள். குட்டைத் தவளைக்கு ஓரடிக்கு மேல் ஆழம் வேண்டாம், வேகமான ஃபில்டர் ஓட்டமும் வேண்டாம். அலங்காரப் பொம்மையின் சின்ன ஓட்டையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும்.

சாப்பாடு: நாக்கு கிடையாது, கண் பார்வை சுமார், வாசனையை வைத்துத் தேடி வாயால் உறிஞ்சும். மிதக்கும் மீன் உணவை அது தொடாது, வேகமான மீன்கள் கூட இருந்தால் ஒன்றுமே மிஞ்சாது. உறையவைத்த சிவப்புப் புழுவை இளக்கி, தவளையின் மூக்குக்கு அருகில் விடுங்கள், வளர்ந்த தவளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாக்கடையோரம் எடுத்த உயிர்ப் புழு வேண்டாம். வாயில் போகும் அளவுக் கூழாங்கல்லும் வேண்டாம், புழுவோடு சேர்த்து விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும். மணலோ, தலையைவிடப் பெரிய கல்லோ சரி.

சூடுதான் நம் கடற்கரையின் உண்மையான சவால். குட்டைத் தவளைக்கு 24 முதல் 26 டிகிரி வசதி, 28 வரை சமாளிக்கும். நகத் தவளை தெற்கு ஆப்பிரிக்காவின் குளிர்ந்த குட்டைகளைச் சேர்ந்தது, 16 முதல் 22 தான் அதற்கு இதம். ஏசி இல்லாத வீட்டில் கத்தரி வெயிலில் தொட்டி 32ஐத் தொடும். என்னைக் கேட்டால், ஏசி இல்லாத கடலூர் வீட்டுக்கு நகத் தவளை வாங்கவே கூடாது.

குட்டைத் தவளைக்கு வழி இருக்கிறது. தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வீசட்டும். 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் போகிற வெப்பம், மற்றத் தண்ணீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கும் அளவு. அறையிலிருந்து சூடு திரும்ப ஏறும் என்பதால் அத்தனையும் கிடைக்காது. கடற்காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், அதனால் மதுரையில் கிடைக்கிற பலன் புதுச்சேரியில் கிடைக்காது. ஓரிரண்டு டிகிரி இறங்கினாலே லாபம். ஆவியாகிற தண்ணீர் உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறது, எனவே குறைந்த அளவை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம், மூடிய பாட்டிலில் உறைந்த தண்ணீரை மிதக்கவிடுங்கள்.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் போனால் தவளைக்கு உடனே மூச்சு முட்டாது, மேலே வந்து காற்று எடுத்துக்கொள்ளும். ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாதான் ஆக்ஸிஜன் இல்லாமல் சாகும். அதனால் தீனியை நிறுத்துங்கள், வளர்ந்த தவளை சில நாள் பட்டினியைத் தாங்கும். பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டியிலேயே மிதக்கவிடுங்கள், தினமும் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். வாசலில் தேங்கிய வெள்ளத் தண்ணீரை ஊற்றாதீர்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை குட்டைத் தவளைத் தொட்டிகளிலிருந்து சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி 241 பேருக்கு நோய் வந்தது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தவளையைத் தொட்டாலும் தண்ணீரைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் தவளையைத் தள்ளிப்போடுவதே மேல்.

வளர்க்க முடியவில்லை என்றால் தவளையை வேறு யாராவது வளர்ப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள். ஊசுடு ஏரியிலோ பாகூர் ஏரியிலோ கெடிலம் ஆற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள். 1930களிலிருந்து 60கள் வரை கர்ப்பப் பரிசோதனைக்காக நகத் தவளையை உலகம் முழுக்க அனுப்பினார்கள், கர்ப்பமான பெண்ணின் சிறுநீரை ஊசி போட்டால் பெண் தவளை ஒரே நாளுக்குள் முட்டையிடும் என்பதற்காக. அதற்கும் ஆய்வுக்கும் வளர்ப்புக்கும் போன தவளைகளில் தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி சிலி, கலிஃபோர்னியா, பிரான்ஸ் என்று பல இடங்களில் உள்ளூர் உயிர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்தாலும் நகத் தவளைக்குப் பெரும்பாலும் நோய் தெரியாது, நம் ஏரித் தவளைகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி இருக்கும் என்று நம்பிச் சோதித்துப் பார்க்க முடியாது. இதே காரணத்துக்காக, கழிக்கிற தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் தாராளமாகக் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து கழிப்பறையில் ஊற்றுங்கள்.