அக்ரிமென்ட்டில் காலியாக விட்ட கோடு

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எங்கள் வக்கீல் ஆபீசுக்கு ஆள் வரத்து கூடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தள்ளிப்போட்ட வேலையை எல்லாம் அப்போதுதான் பார்ப்பார்கள். அப்படி மகனோடு வந்தவர் பாம்பன் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். படகு லோன் விவகாரம் என்று நினைத்தேன். மகன் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டான்.

"இது நான் கட்டுன பாட்டு வக்கீலம்மா. எங்கயும் என் பேரு இல்ல."

வரியும் மெட்டும் அவருடையவை. ஒரு ஆடியோ நிறுவனம் 5,000 ரூபாய் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, வேறொருவரைப் பாடவைத்து இணையத்தில் விட்டிருக்கிறது. "எழுதிக் குடுத்துட்டேனே, இனி என்ன செய்ய முடியும்?" என்றார். இப்படி நினைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் பெயர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவைப் படித்துக் காட்டினேன். உரிமையை விற்ற பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். அவர் மானத்துக்குக் குந்தகம் வரும்படி படைப்பைச் சிதைத்தாலும் கேட்கலாம். அவருக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியமாக இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அடுத்தது பணம். ஒரு பாட்டு முழுக்க ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்காது. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு ஒன்று, பாடியவருக்குத் தனியாக ஒன்று. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் சேர்ந்த வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துவதற்குத் தரும் தொகையில்) சரிபாதியைப் படைத்தவர் விட்டுக்கொடுக்கவே முடியாது. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. வாரிசுக்கோ, படைத்தவர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம். சினிமாப் பாட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் கிடையாது.

அப்புறம் அந்த அக்ரிமென்ட். அவரிடம் நகல் இல்லை. பெரும்பாலும் இப்படித்தான், ஒரே தாளில் கையெழுத்து வாங்கி அதையும் அவர்களே எடுத்துப்போய்விடுகிறார்கள். ஆனால் மகன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். அப்பா டீக்கடை பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டதும், அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். ஓரத்தில் டீ கிளாஸ்கூடத் தெரிகிறது. 'உரிமைக் காலம்' என்ற இடத்தில் வெறும் கோடு. பிற்பாடு நிறுவனம் அனுப்பிய நகலில், அதே கோட்டின் மேல் 'நிரந்தரம்' என்று பேனாவால் எழுதியிருந்தது.

அந்தப் படத்துக்கு என்ன மதிப்பு என்பது 19-வது பிரிவைப் பார்த்தால் புரியும். காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி வாங்குவதற்கும் இப்போது இடமில்லை, கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஊடகம் என்றால் அதன் பெயரைக் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். முத்திரைத்தாளைப் பார்த்து நம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். நான் முதலில் தேடுவது அதில் எழுதாமல் விட்டதைத்தான்.

ஒரு விஷயத்தை அவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டின் நடுவில் வரும் 'ஏலேலோ' கரைவலை இழுக்கும்போது தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அம்பாப் பாட்டில் உள்ளது. அதை அவரும் சொந்தம் கொண்டாட முடியாது, நிறுவனமும் முடியாது. அதைச் சுற்றி அவர் புதிதாகக் கட்டிய வரிகளும் மெட்டும்தான் அவருடையவை. "எங்கப்பாவும் அதத்தான பாடுவாரு" என்று உடனே ஒத்துக்கொண்டார்.

பாட்டை அரசிடம் பதியவில்லையே என்றும் கவலைப்பட்டார். பாட்டை எழுதி வைத்தாலோ பாடி ஒலிப்பதிவு செய்து வைத்தாலோ உரிமை தானாக வந்துவிடும். அவர் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 ஆண்டும் இருக்கும். அரசிடம் பதிவது கட்டாயமில்லை. ஆனாலும் பதியுங்கள் என்பேன், வழக்கு என்று வந்தால் அந்தச் சான்றிதழ் முதல் ஆதாரமாக நிற்கும். ஒரு பாட்டின் வரிகள் முழுவதற்கும் சேர்த்து 500 ரூபாய்க் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவர் பாட்டைக் கட்டிய அன்றே மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பியிருந்தார், அந்த வாய்ஸ் மெசேஜ் தேதியோடு அப்படியே இருந்தது. அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். வழக்குப் போடச் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. 62-வது பிரிவின்படி, படைத்தவர் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.

நிறுவனத்துக்கு எங்கள் நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் பாட்டின் கீழே அவர் பெயர் வந்துவிட்டது. ராயல்டிக் கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது. ஜூனில் அவர் கடலுக்குப் போய்விட்டார். நோட்டில் இன்னும் பதினோரு பாட்டு வைத்திருக்கிறார். மகன் ஒவ்வொன்றாக டைப் செய்து, எப்போது கட்டியது என்று அப்பாவிடம் கேட்டுத் தேதி போட்டுக்கொண்டிருக்கிறான்.