மூடியின் துளையை விரலால் அடைத்துப் பாருங்கள்

சீனாவின் யீஷிங்கில் செய்த சின்னத் தேநீர்க் கெண்டி ஒன்றைக் கையில் கொடுத்தால், பெரும்பாலானோர் உடனே கவிழ்த்து அடியில் இருக்கும், செய்தவரின் முத்திரையைத் தேடுவார்கள். நான் முதலில் தண்ணீர் கேட்பேன். கெண்டியை நிரப்பி மூடியைப் போட்டு, மூடிக் குமிழில் இருக்கும் நுண்ணிய துளையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு சாய்ப்பேன். நன்றாகச் செய்த கெண்டி என்றால் மூக்கிலிருந்து விழும் நீர் சட்டென்று நின்றுவிடும். விரலை எடுத்தால் மறுபடி ஓடும்.

நீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். துளை அடைபட்டு, மூடியும் விளிம்போடு இழைந்து உட்கார்ந்திருந்தால் காற்றுக்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைந்ததுமே, வெளிக்காற்று மூக்கில் நிற்கும் நீரைத் தாங்கிக்கொள்கிறது. மூக்கின் வாய் சிறியது. அதனால் நீரின் பரப்பு இழுவிசை அங்கே ஒரு தோல் போல விரிந்து நின்று, காற்றுக்குமிழ் நுழைவதைத் தடுக்கிறது. ஒரு மயிரிழை இடைவெளி மூடியில் இருந்தாலும் இது நடக்காது. பழைய கெண்டிகள் பல இந்தச் சோதனையில் தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடி சற்று ஆடுவதால் தேநீரின் சுவை கெடுவதில்லை. ஆனால் இன்றைக்குச் செய்து விற்கும் ஒன்றுக்கு நல்ல விலை கேட்டால், இந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

அடுத்தது மட்டம். மூடியை எடுத்துவிட்டு, கெண்டியைத் தலைகீழாக ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்தால், நேர்மட்ட வடிவங்களில் மூக்கின் நுனியும் வாய் விளிம்பும் கைப்பிடியின் உச்சியும் ஒருசேரப் பலகையைத் தொடும். சீனர்கள் இதை ‘மூன்று மலைகள் சமம்’ என்பார்கள். அழகுக்காக மட்டும் வந்த விதி இல்லை இது. மூக்கும் வயிறும் இணைந்த கலங்கள். இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். மூக்கு நுனி தாழ்ந்திருந்தால், கெண்டி நிரம்பும் முன்பே மூக்கு வழியாக வழிந்துவிடும். ‘ஷுய்பிங்’ என்ற வகையின் பெயருக்கே நீர்மட்டம் என்று பொருள். வெந்நீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் சாயாமல் நிற்கும் அளவுக்கு மூக்கின் எடையும் கைப்பிடியின் எடையும் அதில் ஒத்திருக்கும்.

அப்புறம் சொட்டு. ஊற்றி முடிக்கும்போது கடைசி நீர் மூக்கின் அடிப்பக்கமாக வளைந்து மேசையில் ஒழுகுவதை எல்லோரும் பார்த்திருப்போம். மார்க்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் 1956இல் இதற்குத் ‘தேநீர்க் கெண்டி விளைவு’ என்று பெயரே வைத்தார். அடுத்த ஆண்டு ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர், நீர் மூக்கோடு ஒட்டிக்கொள்ள முதன்மைக் காரணம் பசைபோன்ற ஒட்டுதல் அல்ல, அழுத்த வேறுபாடு என்று காட்டினார். விளிம்பைச் சுற்றி வளையும் இடத்தில் நீரின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அதை மூக்கின்மேல் தள்ளுகிறது. பிறகு 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மேற்பரப்பு எவ்வளவு நனைகிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். நீரை விலக்கும் பூச்சு பூசிய விளிம்பில் ஒழுகலே இல்லை. இத்தனையும் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே யீஷிங் கைவினைஞர்கள் விடை கண்டிருந்தார்கள்: மூக்கு நுனியை மெலிதாக, கூரான விளிம்போடு முடிப்பது; அடியில் அகன்ற மூக்கை நுனியை நோக்கி ஒடுக்கி நீரின் வேகத்தைக் கூட்டுவது. வேகமாக வரும் நீருக்குக் கூரான விளிம்பைச் சுற்றி வளைய நேரமில்லை.

யீஷிங், ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹூ ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. கெண்டிகள் அங்கே டிங்ஷு என்ற ஊரில் உருவாகின்றன. 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வு, அழுத்திச் செய்த தேயிலைக் கட்டிகளைக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். அதன்பின் பொடித்துக் கடைந்து குடிப்பது மறைந்து, இலையை வெந்நீரில் ஊறவைப்பது பரவியது. இலையை அடக்கி வைத்து நீரை மட்டும் வெளியே விடும் கலம் தேவைப்பட்டது. கெண்டி அப்படித்தான் முக்கியமானது.

அதற்கான மண்ணுக்கு ஸீஷா என்று பெயர். ஊதா மணல் என்று பொருள். மண் என்கிறோமே தவிர, ஹுவாங்லோங் மலையிலிருந்து வெட்டியெடுக்கும்போது அது கல்தான். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரவிட்டு, அரைத்துச் சலித்து, நீர் சேர்த்துப் பிசைந்து, மறுபடியும் ஊறப் போடுகிறார்கள். குவார்ட்ஸ், கயோலின் களிமண், அபிரகம், இரும்பு ஆக்சைடு எல்லாம் இயற்கையாகவே கலந்திருக்கும். நிறத்தைத் தருவது இரும்பு. உலையில் காற்று தாராளமாக இருந்தால் செம்மை, குறைந்தால் கருமை. அங்குலத்துக்கு 60 கண் உள்ள சல்லடை என்றால் கால் மில்லிமீட்டர் வரையுள்ள துகள்கள் மண்ணில் தங்கிவிடும். இந்த மணல் தன்மையால் மண் சக்கரத்தில் சரியாக எழும்பாது. அதனால் மரச் சுத்தியால் தகடாகத் தட்டி, உருளையாகச் சுற்றி, மரத் தட்டையால் வெளியே தட்டித்தட்டி வயிறு வரவழைக்கிறார்கள். ஒரு கை உள்ளே விரல்களைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் மாட்டுக் கொம்பில் சீவிய மெல்லிய தகட்டால் மேற்பரப்பை வழிப்பார்கள். நுண்துகள்கள் மேலே திரண்டு இறுகிய தோலாகும். மெருகுப் பூச்சே இல்லாத கெண்டிக்கு அந்த மிருதுவான மினுமினுப்பு வருவது இதனால்தான்.

மண் சுருங்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊதா மண் காய்ந்து சுடும்போது நீளவாக்கில் சுமார் 10 சதவீதம் சுருங்கும். அப்படியென்றால் கொள்ளளவு 27 சதவீதம் குறைகிறது. ஜூனி என்ற செம்மண் 20 சதவீதமோ அதற்கு மேலோகூடச் சுருங்கும். 20 சதவீதம் என்றாலே கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிதாகச் செய்தால் கோணும், வெடிக்கும், சுருக்கம் விழும். ஜூனிக் கெண்டிகள் உள்ளங்கை அளவிலேயே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இவ்வளவு சுருங்கியும் மூடி பொருந்துகிறதே என்றால், மூடியையும் உடலையும் ஒரே மண்ணில் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே சுடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன.

உலையின் வெப்பம் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ். நம் மண்பானை இதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவதால் நீர் கசிந்து ஆவியாகி உள்ளே குளிர்கிறது. ஸீஷாவில் களிமண்ணின் ஒரு பகுதி உருகித் துகள்களைப் பிணைத்துவிடுவதால் நீர் கசியாது. ஆனாலும் பீங்கானைப் போல முழுதாகக் கண்ணாடியாகவும் ஆவதில்லை, நுண்துளைகள் மிஞ்சுகின்றன. கொதிநீரைத் திடீரென ஊற்றினாலும் விரிசல் எளிதில் ஓடாததற்கும், கைப்பிடி சீக்கிரம் சுடாததற்கும் அந்தத் துளைகள் உதவுகின்றன.

சின்னக் கெண்டியில் தேநீர் போடுவது தெற்கே சாவ்ஜோ, ஃபூஜியான் பகுதிகளின் கோங்ஃபூ முறை. அங்கே ஹுவே மெங்சென் என்ற கைவினைஞரின் பெயர் சின்னக் கெண்டிக்கே பெயராகிவிட்டது. 100 மில்லி கெண்டியில் ஊலாங் என்ற வகைத் தேயிலையை நிறையப் போட்டு, அரை நிமிடத்துக்குள் வடித்து, அதே இலையில் பல முறை ஊற்றிக் குடிப்பார்கள். கெண்டி சிறியது என்பதால் நீரின் அளவுக்குப் பரப்பு அதிகம், சீக்கிரம் ஆறிவிடும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 100 கிராம் எடையுள்ள கெண்டி 30 டிகிரியில் இருக்கிறது. 95 டிகிரி வெந்நீர் 100 மில்லி ஊற்றுகிறோம். மண்ணின் வெப்பக் கொள்திறன் நீரினுடையதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், இரண்டும் சமநிலைக்கு வரும்போது நீர் சுமார் 84 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஊலாங்கின் மணம் முழுதாக எழ இது போதாது. முதலில் வெறும் வெந்நீரில் கெண்டியைச் சுடவைப்பதும், மூடிய பிறகு மேலேயும் வெந்நீர் ஊற்றுவதும் இதற்காகத்தான்.

‘பழகிய கெண்டியில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் கிடைக்கும்’ என்ற பேச்சை நம்பவேண்டாம். 100 கிராம் கெண்டி தன் எடையில் 3 சதவீதம் நீர் உறிஞ்சுவதாக வைத்தாலும், துளைகளில் இருப்பது வெறும் 3 மில்லி. ஆனால் மணம் ஒட்டிக்கொள்வது உண்மை. மல்லிகைத் தேநீர் போட்ட கெண்டியில் மறுநாள் வேறு தேநீர் போட்டால் முகர்ந்தாலே தெரிந்துவிடும். ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வெளிப்புறத்தில் ஆண்டுக்கணக்கில் ஏறும் பளபளப்பு, தேயிலையின் பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து படலமாகப் படிவதாலும், துணியும் கையும் ஓயாமல் தேய்ப்பதாலும் வருவது. சோப்பு மட்டும் வேண்டாம், துளைகளில் தங்கிவிடும். குடித்து முடித்ததும் இலையைக் கொட்டி, கழுவி, மூடியைத் திறந்து உலரவிடுங்கள், போதும்.

சேகரிப்பவர்களுக்கு முத்திரை கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. அடியிலும் மூடிக்குள்ளும் கைப்பிடியின் கீழும் அது இருக்கும். போலி செய்ய மிக எளிது. ஹுவே மெங்சென் பெயர் பொறித்தவற்றில் பெரும்பாலானவை அவர் காலத்துக்குப் பின்னால் வந்தவை. பணம் புரளும் இடத்தில் போலியும் பெருகும்: கூ ஜிங்ஜோ (1915–1996) என்ற கைவினைஞர் செய்த ஒரு கெண்டி 2010இல் 1.2 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போனது. சாதாரண மண்ணில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து ஸீஷா நிறம் வரவழைப்பதும் உண்டு. பளிச்சென்று ஒரே சீரான நிறம், வெந்நீர் ஊற்றியதும் ரசாயன வாடை, இரண்டும் விலகிப்போகச் சொல்லும் அடையாளங்கள். நல்ல ஸீஷாவை உருப்பெருக்கியில் பார்த்தால் வெவ்வேறு நிறத் துகள்கள் தெரியும்.

காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய ஸீஷாக் கெண்டி நான்ஜிங்கில், 1533இல் அடக்கம் செய்யப்பட்ட வூ ஜிங் என்ற அரண்மனை அலியின் கல்லறையில் கிடைத்தது. மேலே வளைந்த கைப்பிடியோடு, நாம் பேசிய உள்ளங்கைக் கெண்டிகளைவிட நன்றாகவே பெரியது. அதன் உடலில் மெருகுத் துளிகள் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. இன்று எந்தக் கைவினைஞரும் அதைக் குறை என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அந்தத் துளிகள்தான் அது எப்படிச் சுடப்பட்டது என்பதைச் சொல்கின்றன: தனியாக மூடிய பெட்டிக்குள் வைத்துச் சுடும் வழக்கம் வருவதற்கு முன், மெருகு பூசிய சாதாரண ஜாடிகளோடு ஒரே உலையில் அதுவும் நின்றிருக்கிறது. பக்கத்து ஜாடியில் உருகிய மெருகு அதன்மேல் தெறித்து, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது.