மேசையை விட்டு எப்போது எழுவது? போக்கர் சறுக்கலின் கணக்கு

உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு கிங். ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விரிவதற்கு முன்பே இருவரும் முழுப் பணத்தையும் போட்டுவிட்டீர்கள். நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம். ஆனாலும் ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, ஒரு கிங் விழுகிறது. ஒரு முழு பை-இன் (மேசையில் உட்காரப் போடும் தொகை), அதாவது 100 பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை; இனிச் சுருக்கமாகப் பிளைண்ட்), போய்விட்டது. இப்படி 80 சதவீத சாதகத்தோடு 200 முறை ஆல்-இன் போகிறவர், நடுவில் எங்காவது தொடர்ந்து மூன்று முறை தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். நிறைய ஆடுகிறவருக்கு அது வந்தே தீரும்.

ஆன்லைனில் சீக்கிரமாகவே வந்துவிடும். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும். ஆறு பேர் ஆடும் ஆன்லைன் மேசையில் 70-க்கு மேல். நான்கு மேசைகளைத் திறந்து வைத்தால் 300-ஐ நெருங்கும். கிளப்பில் ஒரு வாரத்தில் பார்க்கும் துரதிர்ஷ்டத்தை இங்கே ஒரே ராத்திரியில் பார்த்துவிடலாம். ‘சைட் ஏமாற்றுகிறது’ என்ற சந்தேகம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. ஆறு பேர் மேசையில் 100 ஆட்டத்துக்குத் திட்டவிலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) சுமார் 100 பிளைண்ட். நன்றாக ஆடுகிறவரின் சராசரி லாபமோ 100 ஆட்டத்துக்கு 5 பிளைண்ட். சராசரி லாபம் ஆட்ட எண்ணிக்கையோடு நேராக வளரும். ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தோடுதான் வளரும். 300 ஆட்டம் கொண்ட ஓர் அமர்வில் எதிர்பார்க்கும் லாபம் 15 பிளைண்ட், விலக்கம் 173. அதனால் அந்த நல்ல ஆட்டக்காரரே நூற்றுக்கு 46, 47 அமர்வுகளில் நஷ்டத்தோடு எழுவார். 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் மொத்தக் கணக்கில் நஷ்டத்தில் இருக்க 31 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் ஆட்டத்தில்தான் அது 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்.

ஆக, இன்று ராத்திரி எவ்வளவு போனது என்பதை வைத்து நீங்கள் நன்றாக ஆடினீர்களா என்று சொல்லவே முடியாது. அடுத்த சீட்டு எப்படி வரும் என்றும் சொல்ல முடியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. ‘இனிமேல் சிவப்புதான்’ என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். ‘இவ்வளவு கெட்டது வந்தாயிற்று, இனி நல்லதுதான்’ என்று மேசையில் ஒட்டிக்கொள்வதும், ‘இன்று நேரம் சரியில்லை’ என்று எழுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். துரதிர்ஷ்டத்தின் பெயரால் எழவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம்.

பார்க்க வேண்டியது அந்த அடி உங்கள் முடிவுகளை என்ன செய்திருக்கிறது என்பதை. ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது: நஷ்டப்பட்ட பிறகு சாதாரணமாகத் துணிச்சல் குறைந்துவிடும், ஆனால் விட்டதைச் சமன் செய்யும் வாய்ப்பு கண்ணில் பட்டால், ஆபத்தான பந்தயமும் கவர்ச்சியாகிவிடும். விட்டதைப் பிடிக்கும் ஆசைதான் இது. போக்கரில் இதை டில்ட் என்பார்கள். கோபத்தில் கத்துவது மட்டுமே டில்ட் என்று நினைப்பது பெரிய தவறு. அமைதியாக உட்கார்ந்து மோசமான கைகளை ஆடுவதே அதிகம் நடக்கும் வகை.

அதிர்ஷ்டவசமாக, இதை அளந்து பார்க்க லட்சம் ஆட்டம் தேவையில்லை. வழக்கமாக 25 சதவீதக் கைகளில் பணம் போட்டு நுழைகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி 50 ஆட்டத்தில் 12 அல்லது 13 முறை நுழைந்திருக்க வேண்டும். 20 முறை நுழைந்திருந்தால், நல்ல கைகள் தற்செயலாகக் குவிந்ததால் அப்படி ஆனது என்பதற்கு நூற்றில் ஒன்றிரண்டு வாய்ப்புதான். போக்கர் டிராக்கர் போன்ற மென்பொருள் இந்த எண்ணைத் திரையிலேயே காட்டும். அது இல்லாவிட்டால் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினாலும் போதும். பணக் கணக்கு பத்தாயிரம் ஆட்டத்திலும் சொல்லாததை இந்த எண் 50 ஆட்டத்தில் சொல்லிவிடும். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், கடைசியாகத் தோற்ற மூன்று பெரிய பாட்களை (நடுவில் குவிந்த பந்தயப் பணத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். பணம் உள்ளே போன அந்தக் கணத்தில் உங்கள் சதவீதம் என்ன? மூன்றிலும் நீங்கள் முன்னால் இருந்து ரிவரில் தோற்றிருந்தால் அது வெறும் சீட்டு. அதில் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யோசிக்காமல் கீழே போட்டிருக்கக்கூடிய கிங்-ஒன்பதோடு, முதலில் முடிவெடுக்க வேண்டிய இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்ததால் (பந்தயத்தைக் கூட்டியதால்) வந்தது என்றால், எழுந்துவிடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், டில்டில் இருப்பவர்தான் ‘நான் நிதானமாக இருக்கிறேன்’ என்று சத்தியம் செய்வார். அதனால்தான் உட்காரும் முன்பே ஒரு நிறுத்தக் கோடு போட்டு வைப்பது. இது கணக்குப்படி உங்கள் லாபத்தைக் கூட்டாது. எங்கே நிறுத்தினாலும் ஓர் ஆட்டத்தின் சராசரி மாறாது. அது காப்பது உங்கள் தலையை. எவ்வளவில் போடலாம்? மேலே சொன்ன அதே நல்ல ஆட்டக்காரர் இரண்டு பை-இன் என்று வைத்தால், 300 ஆட்ட அமர்வுகளில் ஐந்தில் ஒன்றில் வெறும் சீட்டினாலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். மூன்று என்று வைத்தால் நூற்றில் ஏழு அமர்வு. மூன்று நல்ல அளவு.

மேசையின் தரத்தை இதைவிடச் சீக்கிரம் முடிவு செய்துவிடலாம். பாதிக் கைகளுக்கு மேல் ஆடி எதற்கும் ‘கால்’ (எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது) சொல்லிக்கொண்டிருந்த ஆள் எழுந்து போய்விட்டாரா? உங்களுக்கு இடப்புறம், உங்களுக்குப் பிறகு முடிவெடுக்கும் இருக்கையில், விடாமல் ரெய்ஸ் அடிக்கும் தேர்ந்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டாரா? அப்படியானால் லாபத்தில் இருந்தாலும் கிளம்பலாம்.

கையிருப்பு தனிக் கணக்கு. 100 ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் சம்பாதிக்கிறவர் 20 பை-இன் வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் எல்லாம் காலியாகும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். 30 பை-இன் என்றால் 5. 50 என்றால் ஒன்றுக்கும் கீழே. சம்பாத்தியம் 2.5 பிளைண்ட்தான் என்றால் 30 பை-இன்னிலும் 22 சதவீதம். ரேக் (ஆட்டம் நடத்துபவர் எடுக்கும் பங்கு) கழித்தபின் சராசரியே நஷ்டமாக இருப்பவருக்கு, பெரும்பாலானோர் அந்த வகைதான், எந்த நிறுத்தக் கோடும் உதவாது. கீழ் மேசைக்கு இறங்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

எழுவது என்று முடிவானால், முதல் வேலையாக ஸ்டாக் (மேசையில் உங்கள் முன் உள்ள பணம்) குறைந்ததும் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள்; டில்டில் பெரும்பணம் போவது அந்த வழியாகத்தான். பிறகு அடுத்த பிக் பிளைண்ட் வரும்போது வெளியே உட்காரவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு சுற்றுக்குக் கட்டாயத் தொகையாக ஒன்றரை பிளைண்ட் கட்டியாயிற்று. அது வாங்கித் தந்த, கடைசியாக முடிவெடுக்கும் சாதகமுள்ள டீலர் இருக்கை ஆட்டங்களை வீணாக்க வேண்டாம். ஆனால் தலை கொதிக்கிறதென்றால் அந்த ஒன்றரை பிளைண்டுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே மூடுங்கள். நடுவில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதை முடித்துவிட்டு மூடுங்கள். சந்தேகமான ஆட்டங்களைக் குறித்து வைத்து மறுநாள் காலையில் பாருங்கள், அன்று ராத்திரி வேண்டாம்.

இந்திய வாசகர்களுக்கு ஒன்று: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. போக்கரும் அதில் அடக்கம். மேலே உள்ள கணக்கைச் சரிபார்க்க விரும்பினால் காசில்லாச் சில்லு மேசையே போதும். கிங் ஜோடியிடம் ஏஸ் ஜோடி அங்கேயும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்கும்.