ராடு ஏன் வெளியே வரவில்லை?

ட்ரோனுக்குக் கை செய்யலாம் என்று 25 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய ராடின் மேல் கார்பன் ஃபைபரை, அதாவது கார்பன் இழையை, சுற்றி, எபாக்சி என்ற பிசினைப் பூசி, இரவு முழுக்க மொட்டைமாடியில் வைத்திருக்கிறார் ஒரு கல்லூரி மாணவர். காலையில் குழாய் கல் மாதிரி இறுகிவிட்டது. உள்ளிருந்து உருவி எடுக்க வேண்டிய ராடு மட்டும் அசையவே இல்லை. "மெழுகு நாலு முறை தடவினேன், எங்கே தப்பு?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மெழுகில் தப்பில்லை. பிசின் ராடில் ஒட்டாமல் தடுப்பதுதான் அதன் வேலை, அதைச் செய்திருக்கும். ஆனால் எபாக்சி இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஒட்டாவிட்டாலும் கவ்விக்கொள்ளும்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ராடுக்கு மெழுகு, அதன்மேல் கார்பன் இழையால் பின்னிய உறை, பிசின், கடைசியாகச் சூட்டில் சுருங்கும் டேப்பை இறுக்கிச் சுற்றி மிச்சப் பிசினைப் பிழிந்துவிடுவது. இதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். உள்ளே இருப்பது சுருங்க வேண்டும், வெளியே இருப்பது சுருங்கக் கூடாது.

அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். கார்பன் இழையோ தன் நீளவாக்கில் சூட்டுக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. ஆகவே பிசின் ஈரமாக இருக்கும்போதே 80 டிகிரிக்குச் சூடாக்கினால், ராடு முதலில் பருத்துவிடும். பிசின் அந்தப் பருத்த அளவில் இறுகும். 30 டிகிரிக்கு ஆறியதும் ராடின் விட்டம் சுமார் 0.03 மி.மீ. குறையும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை, ஆனாலும் பிடி தளர அது போதும். நீளத்திலும் மீட்டருக்கு ஒரு மி.மீ.க்கு மேல் சுருங்குவதால், ராடு குழாய்க்குள் தானே நழுவத் தொடங்கும். இரும்பு ராடு என்றால் இதில் பாதிதான் கிடைக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழைகளை எல்லாம் நீளவாக்கில் மட்டும் அடுக்கினால் இந்த வித்தை பலிக்காது. குறுக்கே பிசின் வைத்ததுதான் சட்டம். அது அலுமினியத்துக்குக் குறையாமல் சுருங்கும். கொஞ்சமாவது இழை வட்டமாகச் சுற்றி ஓட வேண்டும்.

இந்தக் கணக்கை நம் மாணவர்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே தேர்வில் எழுதுகிறார்கள். ஒரு ராடும் கால் கிலோ பிசினும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லும் ஆய்வகங்கள்தான் குறைவு. கல்லூரிகள் கட்டடத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை இதற்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மாட்டிக்கொண்ட குழாய்க்கு என்ன வழி? ராடோடு ஃப்ரீசரில் வைக்கலாம். மைனஸ் 18-க்குப் போனால் ராடு சுமார் 0.03 மி.மீ. சுருங்கும். வெளியே எடுத்தவுடன் ராடை முறுக்கி இழுக்க வேண்டும். தாமதித்தால் மறுபடி விரிந்துவிடும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அடுத்த முறை ராடுக்குப் பதில் அலுமினியக் குழாயையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து இழுக்க இரு முனையிலும் கொஞ்சம் நீளம் விட்டு, உள்ளே குல்பி வண்டிக்காரர் செய்வதுபோல் ஐஸையும் கல்லுப்பையும் கலந்து நிரப்பினால் ஃப்ரீசரே தேவைப்படாது.